வாசல் பெருக்கும் முன்

சித்திரை கடைசியில் மூன்று நாள் அம்மாச்சி வீட்டில் போய் இருந்துவிட்டு வந்தேன். கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் இல்லை, ஊர்வன தேடத்தான் போனேன். பாம்பு, ஓணான், அரணை, உடும்பு, எது கண்ணில் பட்டாலும் சரி. கையில் ஒரு நோட்டு, இரண்டு டார்ச், ஒரு பழைய கேமரா. கூட வந்தவன் சித்தி மகன், பதினாறு வயது, பரீட்சை முடிந்து சும்மா இருந்தவன்.

அம்மாச்சி வீடு வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல் மேட்டில் இருக்கிறது. டெல்டா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வயலும் வாய்க்காலும் சேறும்தான் நினைவுக்கு வரும். எங்கள் திருத்துறைப்பூண்டி வரைக்கும் அது சரிதான். அங்கிருந்து பஸ்ஸில் தெற்கே வர வர மண் வெளுத்துக்கொண்டே வரும், வேதாரண்யத்தை நெருங்கும்போது காலடியில் சுத்தமான மணல். கடல் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியபோது விட்டுப்போன பழைய கரைகள்தான் இங்கே வரிசை வரிசையாக மேடாகக் கிடக்கின்றன. மேட்டில் வீடு, முல்லைத் தோட்டம், மா, முந்திரி, தென்னை. இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நெல். அந்தப் பக்கம் போனால் உப்பளம். காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா சேராதா என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு வருடமும் விடியும்.

பாலைவனம் என்று இதைச் சொல்ல முடியாது. நாகப்பட்டினம் கடற்கரையில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, ஜெய்சல்மேரில் 200 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும், மணல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. சித்திரையில் மேட்டில் நின்று பார்த்தால் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும் பொட்டல்தான். ஊர்க்காரர்கள் அதைத் தரிசு என்பார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நானும் இருபது வயது வரை நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு மாறியது ராஜஸ்தானில். எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தபோது ஒரு புரட்டாசியில் ஜெய்சல்மேர் பக்கம் ஐந்து நாள் களப்பயணம் கூட்டிப்போனார்கள். அங்கே இருக்கும் தேசியப் பாலைவனப் பூங்கா 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் ஒரு ஓரத்தில் நின்றாலே எங்கே பார்ப்பது என்று கண் திகைத்துப்போகும். முதல் நாள் முழுக்க நடந்தோம், பதினான்கு பேர் சேர்ந்து தேடியும் நாலைந்து ஓணான்தான் கிடைத்தது. இரண்டாம் நாள் விடியற்காலையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். எங்களுக்கும் அவருக்கும் பொதுவான மொழி இல்லை, கைதான் பேசியது. அவர் செய்த முதல் காரியம், எங்கள் எல்லோரையும் மேட்டைச் சுற்றிக் கூட்டிப்போய் சூரியனைப் பார்த்தாற்போல நிற்கவைத்ததுதான். அதுவரை வெயில் முதுகில் பட நடந்திருந்தோம், மணல் வெறும் மணலாகத் தெரிந்தது. இளவெயிலை எதிரே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடத்தின் விளிம்பிலும் நிழல் விழுகிறது. அந்த மேடு முழுக்க யாரோ கோலம் போட்டு வைத்தது போல இருந்தது.

ஒரு தடத்தை இன்னும் மறக்க முடியவில்லை. மணலின் மேல்தோலுக்கு அடியில் விரல்விட்டு வளைத்து வளைத்து இழுத்தது போல ஒரு கோடு, பத்தடி ஓடி, திடீரென்று நின்றுவிட்டது. பெரியவர் கோடு முடிந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு கையையும் விட்டு மணலை அள்ளினார். விரலிடுக்கில் மணல் உதிர்ந்து போக, உள்ளங்கையில் மின்னிக்கொண்டு மிஞ்சியது ஓர் அரணை. மணல்மீன் என்று அதற்குப் பெயர், மணலுக்குள் நீந்துவதால். கால் நான்கும் குச்சி போல, ஒவ்வொன்றிலும் மூன்றே விரல். கையைத் தாழ்த்தினார், ஒரு நெளி நெளிந்தது, அவ்வளவுதான், மணல் மூடிக்கொண்டது.

முள்வால் பல்லியையும் அங்கேதான் பார்த்தேன். பொந்து வாயிலில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் இலைதழை தின்னும் சாதுவான பிராணி, ஆள் வந்தால் சட்டென்று பொந்துக்குள் போய்விடும். இதைத்தான் பிடித்து, முதுகை ஒடித்து, கொழுப்பை உருக்கி சாண்டா எண்ணெய் என்று விற்கிறார்கள். சின்ன வயதில் சந்தையில் அந்தப் பெயர் எழுதிய பாட்டில்களைப் பார்த்திருக்கிறேன், உள்ளே இருப்பது எந்த ஊர்ப் பிராணியின் கொழுப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை. பொந்து வாயில் அது கண்ணை மூடி மூடித் திறந்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அந்தப் பாட்டில்தான் நினைவுக்கு வந்தது. மனசு ரொம்ப நேரம் சரியாகவில்லை.

இரவில் சுருட்டை விரியன். நம் ஊரில் இருப்பதைவிட அந்தப் பக்கத்து இனம் பெரியது. உடம்பை அரைவட்டம் அரைவட்டமாக மடித்துக்கொண்டு, அரம் போன்ற செதில்களை ஒன்றோடொன்று தேய்த்து ஒரு சத்தம் எழுப்பியது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சத்தம். சீறவே இல்லை, சத்தம் முழுக்கத் தோலில் இருந்து. பக்கவாட்டில் ஏறி ஏறிப் போனதால் அதன் தடம் ஒரே கோடாக இல்லாமல், சாய்த்துப் போட்ட தனித்தனிக் கோடுகளாக மணலில் கிடந்தது.

அங்கே இருப்பது அங்கேதான் இருக்கும். மணல்மீனோ முள்வால் பல்லியோ நம் பக்கம் கிடையாது. நான் ஊருக்குக் கொண்டுவந்தது அந்தப் பெரியவர் காட்டிய வழியைத்தான். பிராணியைத் தேடி அலையாதே, தடத்தைப் பார். காற்று எழும்புவதற்குள் பார். வெயிலை எதிரே வைத்துப் பார்.

சரி, வேதாரண்யத்துக்கு வருவோம்.

முதல் நாள் விடியுமுன் எழுந்து மேட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டு மாமாவும் வந்தார். முப்பது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவர், உப்பு வாரிவிட்டு இருட்டில் மணலில் நடந்தே வீடு திரும்பியவர். நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் போனேன், கால் மணி நேரத்தில் நான் நோட்டை விரித்துக்கொண்டு அவர் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு பாம்புத் தடத்தைக் காட்டி, இது இன்றைக்குப் போனதா என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். "நேத்து ராத்திரி முன்நேரத்துல போனது பாப்பா. மேல பாரு, வண்டு குறுக்க நடந்திருக்கு" என்றார். உண்மைதான். பாம்பின் வளைவுக்கு மேல் தையல் போட்டது போல வண்டுக் கால் வரிசை ஓடியது. வண்டு நடப்பதற்கு முன்னால் பாம்பு போயிருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இன்னொரு தடம், "இது இப்பதான், ஓரம் இன்னும் உதிரல." போன திசையும் தடத்திலேயே இருக்கிறது. பாம்பு ஒவ்வொரு வளைவிலும் மணலைப் பின்னுக்குத் தள்ளித்தான் முன்னேறுகிறது, அதனால் வளைவின் ஒரு பக்கம் சின்ன அணை போலக் குவிந்திருக்கும். அந்த அணைக்கு எதிர்த்திசையில் தலை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன், மாமா பார்த்துத் தெரிந்துகொண்டார்.

இந்த அறிவை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது, தெரியுமா? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ல் இருந்து இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து பெரும்பாலும் அந்த விஷத்தில் இருந்துதான் வருகிறது. அந்த இருளர்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2017ல் ஃப்ளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள், 2023ல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அறியாத ஊரில், அறியாத புல்லில், ஒரு பாம்பு போன வழியைக் கண்ணால் பிடிக்கிற திறமை அது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த முதல் நாள் காலை எண்ணியதில், பார்த்த பிராணி இரண்டு, பார்த்த தடம் இருபத்தேழு. பிராணி இரண்டில் ஒன்று சாதாரணத் தோட்டத்து ஓணான், இன்னொன்று பாம்புராணி. பாம்புராணி என்பது அரணைதான், பளபளப்பான நீள உடம்பு, பெயருக்குக் கால், முந்திரிச் சருகைப் புரட்டியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. "அரணை கடிச்சா மரணம்" என்று தம்பி பின்வாங்கினான். எல்லோரும் சொல்லிச் சொல்லி வளர்ந்த பழமொழி அது, எதுகைக்காகவே பிழைத்திருக்கிறது. அரணைக்கு விஷமே கிடையாது.

இரவு எட்டு மணிக்கு மேல் முல்லைத் தோட்ட வேலியோரம் நடந்தோம். முட்டி வரை பூட்ஸ், கையில் நீளக் கம்பு. பொழுது சாய்ந்த பிறகு எங்கள் ஊரில் பாம்பு என்று வாயால் சொல்லமாட்டார்கள், பூச்சி என்பார்கள். மாமாவும் அப்படித்தான், "பூச்சி இருந்தா நீ நில்லு, அது போவும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அடித்தால் தரையெங்கும் பச்சை பச்சையாகப் புள்ளிகள் மின்னும், அத்தனையும் சிலந்திக் கண். ஒரு தென்னை அடியில் ஏதோ மினுமினுத்தது, புள்ளியாக இல்லை, ஈரமாக.

கட்டுவிரியன். இரண்டடி இருக்கும். கறுப்பு என்று சொல்லிவிட்டால் போதாது, அந்தக் கறுப்பில் ஒரு நீலம் ஓடியது. மெல்லிய வெள்ளை வளையங்கள் இரண்டிரண்டாக, கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாக. நாங்கள் ஏழெட்டு அடி தள்ளி நின்றோம். வெளிச்சம் பட்டதும் அது செய்தது என்ன தெரியுமா, தலையைச் சுருளுக்குள் கொண்டுபோய் மறைத்துக்கொண்டது. அவ்வளவு விஷமுள்ள ஜீவன் முகத்தை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் நின்றோம், திரும்பப் போட்டபோது இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் இரை தேடி வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கடித்துவிடும். வலியே இருக்காது, தடிப்பும் இருக்காது, விடிந்ததும் இமை தூக்க முடியாது, வயிறு வலிக்கும், அப்புறம் மூச்சு. தரையில் படுக்காதீர்கள், கட்டில் போடுங்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கடி என்று சந்தேகம் வந்தால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், மந்திரிக்கப் போக வேண்டாம், நேரே அரசு மருத்துவமனை. விடிவதற்குள் மொட்டுப் பறிக்கப் போகிற பெண்கள் பாதிப் பேர் வெறுங்காலோடு போகிறார்கள். அன்று திரும்பி வரும்போதே அம்மாச்சியிடம், தோட்டத்துக்கு வருகிற அக்காக்களுக்கு நான்கு ஜோடி பூட்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை நடந்தது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு பாம்பு அடித்துப் போட்டிருப்பதாகத் தம்பி ஓடிவந்து சொன்னான். போய்ப் பார்த்தால் மண்ணுளிப் பாம்பு. மண்வெட்டியால் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தது, அதற்குள் எறும்பு வந்துவிட்டது. நான் உட்கார்ந்து அதைப் புரட்டிப் பார்த்தேன். தடித்த குட்டை உடம்பு, பழுப்பில் ஒன்றோடொன்று கலந்து ஓடும் ஒழுங்கில்லாத திட்டுகள், சட்டென்று முடிந்துவிடும் வால், கழுத்து என்று தனியாக எதுவும் இல்லாத தலை, மணலுக்குள் இருந்தபடி மேலே பார்ப்பதற்குத் தோதாக உச்சியில் கடுகு போல இரண்டு கண். வால் பக்கம் விரலை வைத்துத் தடவினால் பாகற்காய்த் தோல் போலச் சொரசொரவென்று இருந்தது. வாயோரம் ஈர மணல் ஒட்டியிருந்தது. விஷம் கிடையாது. எலியைத் தின்று வாழ்கிற பிராணி.

அடித்தவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ளவர். "கண்ணாடி விரியன்னு நெனச்சிட்டேன் பாப்பா, புள்ளைங்க வெளையாடுற எடம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு, இந்த ஒரு குழப்பத்தால் மட்டும் எத்தனை மண்ணுளிகள் சாகின்றன என்று யோசித்தால் தாங்கவில்லை. கண்ணாடி விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்தது போலத் தனித்தனியாக, விளிம்பு கட்டிய முட்டை வடிவங்கள் மூன்று வரிசை. தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கித் தெரியும். கிட்டே போனால் குக்கர் விசில் மாதிரி சீறும். போனில் படத்தைக் காட்டி, கீழே கிடந்ததோடு ஒப்பிட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ராத்திரில இதெல்லாம் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிற்க வேண்டாம் அண்ணே, பத்தடி தள்ளிப் போய்விடுங்கள், பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அது போகவில்லை என்றால் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன், என்றேன். நாங்கள் மூவரும் சேர்ந்து குழி தோண்டிப் புதைத்தோம். குழியை மூடி மிதித்தது அவர்தான்.

மண்ணுளி வகையில் இன்னொன்றும் உண்டு, செம்பழுப்பாக வழவழவென்று, வாலும் தலை மாதிரியே மொட்டையாக இருப்பது. அதைத்தான் இருதலைப் பாம்பு, இருதலை மணியன் என்கிறார்கள். எடை கூடக் கூட லட்சக்கணக்கில் விலை போகும், வீட்டில் வைத்தால் பணம் கொழிக்கும் என்று ஒரு கட்டுக்கதை. அதை நம்பிப் பிடித்து விற்கப் போய்க் கைதானவர்கள் செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது, பிடிபட்ட பாம்பு பிழைத்ததா என்று எந்தச் செய்தியிலும் இருக்காது. நட்சத்திர ஆமைக்கும் இதே கதிதான். அதை உலகச் சந்தையில் வாங்கவோ விற்கவோ கூடாது என்று 2019ல் உச்சபட்சப் பட்டியலில் சேர்த்தாயிற்று, இருந்தும் விமான நிலையங்களில் பெட்டி பெட்டியாகப் பிடிபடுகிறது.

அன்று மதியத்துக்கு மேல் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு கோடியக்கரை சரணாலயத்துக்குள் போனோம். 1967ல் வெளிமானுக்காக ஏற்படுத்தியது, 2002ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, எல்லோரும் மானுக்கும் பூநாரைக்கும்தான் வருவார்கள். எனக்கு அங்கே பிடித்தது பாலை மரங்கள். கடல்காற்றில் வளைந்து முறுக்கிக்கொண்டு நிற்கும் பழைய மரங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பொந்து. அப்படி ஒரு பொந்தில் இருந்து உடும்பு ஒன்று தலையை மட்டும் நீட்டி, நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தது. பிளவுபட்ட நாக்கு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் திசை மாற்றி. கடற்கரைப் பக்கம் இராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவை இருக்கும் வரைதான் மணல்மேடு நிற்கும். பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம் முடிந்துவிட்டது, தடம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது, சூடு கூடினால் பெண். சீமைக்கருவேலம் உள்ளே வந்துவிட்ட இடங்களில் தரையே தெரியவில்லை, அங்கே எந்தத் தடமும் தேட முடியாது.

மூன்றாம் நாள் காலைதான் நான் வந்ததற்கான காலை.

மேட்டின் தெற்குச் சரிவில், 2018 நவம்பரில் கஜா புயல் முந்திரித் தோப்பைச் சாய்த்துப்போட்ட பிறகு வெட்டவெளியாகிப்போன இடம். அங்கே சின்னச் சின்னத் தடங்கள். நடுவில் வால் கோடு, இரண்டு பக்கமும் காற்புள்ளி போலக் கால். திடீரென்று வால் கோடு காணாமல் போய், பின்னங்கால் மட்டும் நீளம் நீளமாக எட்டு வைத்திருந்தது. இரண்டு காலில் எழுந்து ஓடியிருக்கிறது! நோட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுப் பார்த்தேன். பின்னங்காலில் நான்கு விரல். மற்ற ஓணான்களுக்கு ஐந்து, இதற்கு நான்கு. விசிறித் தொண்டை ஓணான்தான், சந்தேகமே இல்லை.

தடத்தைப் பிடித்துக்கொண்டு முப்பது அடி போனோம். ஒரு செங்கல் துண்டின் மேல் அது உட்கார்ந்திருந்தது. என் நடுவிரல் நீளம் உடம்பு, வால் தனி. மணல் நிறம், முதுகில் வரிசையாகப் பழுப்பு வைரங்கள். அசையாமல் இருந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. நாங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும், எதிரே இன்னோர் ஆண் வந்து ஒரு சுள்ளியில் ஏறியது. உடனே செங்கல்லில் இருந்தது முன்னங்காலை ஊன்றி நிமிர்ந்து, தொண்டையை விரித்தது. மடித்து வைத்திருந்த பனையோலை விசிறியை விரிப்பது போலத் தாடையில் இருந்து வயிறு வரைக்கும் வெள்ளையாக ஒரு தோல் விரிந்தது, ஓரத்தில் கொஞ்சம் நீலம். எதிர்வெயில் அதற்குள் ஊடுருவியது. விரித்து, மடித்து, விரித்து, மடித்து, ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரம்தான். சுள்ளியில் இருந்ததும் பதிலுக்கு விரித்தது. சண்டை இல்லை, கடி இல்லை, இவ்வளவு பெரிய பொட்டலில் ஒரு செங்கல் துண்டுக்காக இரண்டு பேரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். பெண் எங்கோ பக்கத்தில் நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தம்பி மூச்சு விடாமல் இருந்தான். கேமரா மடியில் கிடந்தது.

இந்த ஓணான் கூட்டத்தில் முதலில் பெயர் பெற்ற இனத்துக்கு, 1829ல், புதுச்சேரியை வைத்துப் பெயரிட்டார்கள். அப்புறம் ரொம்ப காலம் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். 2016ல் ஆய்வாளர்கள் மரபணுவையும் எடுத்து வைத்துப் பிரித்துப் பார்த்து, தமிழ்நாட்டில் இருந்து புதிய இனங்களை விவரித்தார்கள். ஒன்றின் அறிவியல் பெயர் சிட்டானா விசிறி, நம் பனையோலை விசிறியேதான். இன்னொன்று சிட்டானா மருதம்நெய்தல். லத்தீன் பெயர்களுக்கு நடுவில் வயலும் கடற்கரையும் சேர்ந்து நிற்கின்றன. அந்தப் பெயரை முதன்முதலில் படித்த அன்று நான் சத்தமாக இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மருதமும் நெய்தலும் உரசிக்கொள்ளும் இடத்தில்தானே அம்மாச்சி வீடே இருக்கிறது. சங்கப் பாட்டில் பாலை நிலத்து ஓணானை ஓதி என்பார்கள், கருக்கரிவாள் போன்ற முதுகு என்று பார்த்துப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். வெயிலில் நடந்து போனவர்கள் நின்று கவனித்திருக்கிறார்கள்.

ஒன்பதரைக்குக் கடல்காற்று எழும்பியது. முதலில் குழியானைக் குழிகளின் விளிம்பு உதிர்ந்தது, அப்புறம் வண்டுத் தடம், அப்புறம் நாங்கள் நடந்து வந்த தடமும். ஓணான் இரண்டும் ஏற்கெனவே நிழலுக்குப் போய்விட்டன. இந்த மேட்டின் வடக்குப் பாதியில் இப்போது மணல் அள்ளி லாரியில் ஏற்றுகிறார்கள். போன வருடம் நான் பார்த்தபோது இருந்த சரிவு இந்த வருடம் இல்லை, அங்கே ஆள் ஆழத்துக்குப் பள்ளம். அள்ளிக்கொண்டு போகிற அந்த மணலுக்குள்தான் இந்த ஓணான் முட்டை புதைத்து வைக்கிறது. மாமாவும் நானும் ஊராட்சியில் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம், படங்களும் தடங்களின் பட்டியலும் சேர்த்து. அடுத்த கிராமசபைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போகப்போகிறேன்.

அம்மாச்சி பற்றி ஒன்று. அது தினமும் நாலரைக்கு எழுந்து வாசலையும் கொல்லையையும் பெருக்கிவிடும். எழுபது வருடப் பழக்கம், ஒரு சருகு கிடந்தாலும் பொறுக்காது. முதல் நாள் நாங்கள் எழுந்து பார்த்தபோது கொல்லை மணல் சீப்பு வைத்து வாரியது போல இருந்தது. இரவு முழுக்க அங்கே யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது அத்தனையும் விளக்குமாற்றில் போய்விட்டது. அம்மாச்சியிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அதன் வாசல், அதன் பழக்கம். மேட்டில் பார்த்ததை மட்டும் சாப்பிடும்போது சொன்னேன், வண்டு குறுக்கே நடந்த கதை, இரண்டு காலில் ஓடிய கதை. இட்லி வைத்துக்கொண்டே கேட்டது.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நேற்று காலை ஐந்தரைக்கு மாமா போனில் இருந்து ஒரு படம் வந்தது. பெருக்காத கொல்லை. நடுவே நல்ல அகலமாக ஒரு பாம்புத் தடம், சாரையாக இருக்க வேண்டும், கோழிக்கூட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வேலிப் பக்கம் போயிருந்தது. நான் தடத்துக்குப் பக்கத்தில் அளவுக்குப் பேனா வைத்துப் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறது போலிருக்கிறது. அம்மாச்சி பக்கத்தில் விளக்குமாற்றை நீட்டிப் போட்டிருந்தது.